அவனிடமே சொல்லுங்கள்

கூரம் கிராமத்திலிருந்து காரைப்பேட்டை பக்கம்தான். அண்ணா பெயரில் அரசு நடத்தும் புற்றுநோய் மருத்துவமனை அங்கே இருக்கிறது. சிகிச்சை இவ்வளவு அருகில் இருந்தும், இருபது வயதில் நோய் வந்த பிள்ளைகளை மனத்தளவில் தனியே தவிக்க விடுகிறோம்.

"அவனுக்குத் தெரிய வேணாம் டாக்டர், வெறும் கட்டின்னே சொல்லிடுங்க" என்று அப்பா கெஞ்சுவார். "வெளியே மூச்சு விடாதே, நாளைக்கு அவளுக்குக் கல்யாணம் ஆகணும்" என்று பெரியம்மா வாயை அடைப்பார். எல்லாம் பாசம்தான். ஆனால் கீமோ வார்டில் படுத்திருக்கும் பிள்ளைக்குப் பக்கத்துக் கட்டிலைப் பார்த்தாலே புரிந்துவிடும். கையில் செல்போன் வேறு. தெரிந்ததை வீட்டில் யாரிடமும் பேச முடியாமல் உள்ளுக்குள் புழுங்குவதுதான் மிச்சம்.

1968-இல் அதே அண்ணா புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் போனது நியூயார்க்கின் மெமோரியல் மருத்துவமனைக்கு. அங்கே 1977-இல் மனநலப் பிரிவின் பொறுப்பேற்றவர் ஜிம்மி ஹாலண்ட். புற்றுநோயாளியின் மனத்தைக் கவனிப்பதையும் மருத்துவத்தின் ஒரு துறையாக வளர்த்தவர். எந்நேரமும் நம்பிக்கையோடு இருந்தே தீர வேண்டும் என்று நோயாளியை வற்புறுத்துவது கொடுமை என்று அவர் எழுதினார். நாம் "தைரியமா இரு" என்கிறோம். "உன் பயத்தை எங்களிடம் காட்டாதே" என்றுதான் அது அந்தப் பிள்ளையின் காதில் விழுகிறது. அழுவதால் நோய் முற்றாது. அழ விடுங்கள், பக்கத்தில் உட்காருங்கள்.

இந்த வயதுக்கென்றே சில கவலைகள் உண்டு. முடி கொட்டும், படிப்பு நிற்கும், தறி வேலையோ கம்பெனி வேலையோ கைவிட்டுப் போகும். வெளியே சொல்லாத கவலை, குழந்தை பிறக்குமா என்பது. சில கீமோ மருந்துகளும், அடிவயிற்றில் கரண்ட் வைப்பதும் (கதிர்வீச்சுச் சிகிச்சை) கருவளத்தைப் பாதிக்கலாம். விந்தணுவையோ கருமுட்டையையோ முன்கூட்டியே உறைய வைத்துச் சேமிக்க வழியிருக்கிறது. கூச்சப்படாமல், சிகிச்சை தொடங்கும் முன்பே டாக்டரிடம் கேட்டுவிட வேண்டும்.

நடிகை கௌதமிக்கு 35 வயதில் மார்பகப் புற்றுநோய் வந்தது. அவர் அதை வெளிப்படையாகப் பேசினார். புற்றுநோய்ச் சிகிச்சை முடித்த கிரிக்கெட் வீரர் யுவராஜ் சிங் 2012 செப்டம்பரில் நம் சேப்பாக்கத்தில் மறுபடி மட்டை பிடித்தார். கேட்கத் தெம்பாக இருக்கும். அதற்காக எல்லாரும் அப்படி எழுந்து நிற்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

தூக்கமில்லாமல், சாப்பாடு பிடிக்காமல், வாழ்ந்து என்ன பயன் என்று பிள்ளை பேச ஆரம்பித்தால் தாமதிக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் இதற்கென்றே உளவியல் பிரிவு இருக்கிறது. அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.