இறங்கி வந்தவர்கள்

அமெரிக்காவிலே கலிபோர்ணியாவும் அரிசோனாவும் சந்திக்கும் எல்லையில், கொலராடோ நதியோடு கீலா நதி கூடுமிடத்தில் வாழும் பழங்குடியினர் குவெச்சான் மக்கள். வெளியார் அவர்களை யூமா என்று வழங்கினர். குவெச்சான் என்பதற்கு 'இறங்கி வந்தவர்' என்பது பொருள். வடக்கே அவிக்வாமே என்னும் மலையிற் படைக்கப்பட்ட முன்னோர், அங்கிருந்து நதிப்பக்கம் இறங்கி வந்தனர் என்பது அவர்கள் மரபு. ஓர் இனத்தின் வரலாறு ஒரே பெயருக்குள் அடங்கியிருத்தல் வியப்பன்றோ!

மலைப்பனி உருகுங் காலத்தில் நதி பெருகும். வெள்ளம் வடிந்த வண்டலிற் கோலாற் குழியிட்டுச் சோளம், அவரை, பூசணி முதலியவற்றை விதைப்பர். விளைவு குறைந்தால், மெஸ்கீட் என்னும் முள்மரத்தின் இனிய காய்களை இடித்து மாவாக்கி உண்பர்.

நதியைக் கடத்தற்கேற்ற துறை அவர்கள் வசம் இருந்தது. அதுவே வினையாயிற்று. 1774 இல் அன்சா என்னும் ஸ்பானியத் தளபதி வந்தபோது, தலைவர் பால்மா நட்புடன் வரவேற்றார். 1777 இல் மெக்சிக்கோவில் ஞானஸ்நானமும் பெற்றார். பின்னர் ஸ்பானியக் குடியேறிகள் வந்தனர். அவர்களுடைய கால்நடைகள் பயிரையும் மெஸ்கீட்டையும் அழித்தன. 1781 ஜூலையில் மக்கள் கிளர்ந்தெழுந்தனர். நூற்றுக்கு மேற்பட்ட ஸ்பானியர் மாண்டனர். கலிபோர்ணியாவுக்கான அத்தரைவழி நெடுங்காலம் அடைபட்டது. இதனைப் படுகொலை என்று மட்டும் எழுதுவோர், கால்நடை தின்ற பயிரையும் கணக்கிற் சேர்த்தல் வேண்டும்.

பின்பு அமெரிக்கரின் கோட்டை எழுந்தது. 1884 இல் மக்கள் ஒதுக்குநிலத்துள் அடக்கப்பட்டனர். 1930களில் ஹூவர் அணை எழுந்தபின் ஆண்டு வெள்ளமும் நின்றது.

குவெச்சான் மரபில் இறந்தவரைத் தகனஞ் செய்யும்போது அவர் உடைமைகளையும் எரித்துவிடுவர். அவர் பெயரையும் உச்சரியார். ஆகவே பாட்டனின் பொருளென்று பேரனுக்குக் காட்ட ஒன்றும் இராது. எஞ்சுவன பாட்டும் கதையுமே. பாட்டுகள் கனவிற் கிடைப்பன என்பது அவர்கள் நம்பிக்கை.

இத்தகையோருக்கு மொழி போனால் என்ன மிஞ்சும்? கோட்டைக் குன்றில் அமைந்த பள்ளியில் பிள்ளைகள் ஆங்கிலத்திற் பயின்றனர். இன்று தாய்மொழியைச் சரளமாகப் பேசுவோர் மிகச் சிலர். அவருட் பெரும்பாலார் முதியோர். ஹால்பேர்ன் என்னும் மொழியியலறிஞர் 1930களில் இம்மொழியை ஆராய்ந்தார். நாற்பதாண்டு கழிந்தபின், முதுமையில், மீண்டும் அங்கு சென்று முதியோர் சொன்ன கதைகளைப் பதிவு செய்தார். 1985 இல் அவர் மறைந்தார். அக்கதைகள், ஏமி மில்லர் என்னும் அறிஞரின் உழைப்பால், குவெச்சான் மொழியிலும் ஆங்கிலத்திலுமாக 2014 இல் நூலுருப் பெற்றன.