ஏறாத மலையைப் பற்றிய ஒரு நூல்

நம் புதுச்சேரியில் பிரெஞ்சு அரசின் அலுவலராகப் பல்லாண்டு வாழ்ந்த பியேர் சொன்னெரா (1748–1814) என்பாரை இன்று நினைவுகூர்வோர் மிகச் சிலரே. பறவைகளிடத்தும் செடிகொடிகளிடத்தும் பெருநாட்டம் கொண்டிருந்த அவர், இந்தியா வருமுன் கீழைத் தீவுகளில் பயணம் செய்தார். அதைப் பற்றி அவர் எழுதிய நூல் 1776-இல் பாரிசில் வெளிவந்தது. நூலின் பெயர் 'நியூகினிப் பயணம்'.

நியூகினித் தீவின் உள்மலைகள் அந்நாளில் ஐரோப்பியர் அறியாதவை. அங்கு வாழும் சொர்க்கப் பறவைகளின் உலர்ந்த தோல்கள் மட்டும் 1522 முதல் ஐரோப்பாவை எட்டியிருந்தன. தீவினர் கால்களை வெட்டியெறிந்து பதப்படுத்தியமையால், இப்பறவைக்குக் கால்களே இல்லை, வானில் மிதந்தவாறு பனித்துளியை உண்டு வாழ்கிறது என்று கற்றோரும் நம்பினர். லின்னேயஸ் 1758-இல் ஓர் இனத்திற்குக் 'காலில்லாதது' என்றே இலத்தீனில் பெயரிட்டார். மண்ணைத் தொடாத ஆன்மாவுக்கு இதனை உவமை கூறினோரும் உண்டு. அக்காலத்தில் மறையுரை ஆற்றியிருந்தால், இத்துணை வசதியான உவமையை நாமும் விட்டிருக்க மாட்டோம்!

சொன்னெராவின் நூல் இப்பறவைகளை அழகிய படங்களுடன் விளக்கியது. ஆயின் அவர் நியூகினியில் கால்வைக்கவே இல்லை! 1771–72-இல் கிராம்பு, சாதிக்காய் நாற்றுகளைத் தேடிச் சென்ற பிரெஞ்சுக் கப்பலில் பயணம் செய்து, அதற்கு மேற்கேயுள்ள கெபே என்னும் சிறு தீவு வரையிலேதான் சென்றார். பறவைத் தோல்களைப் பிறரிடம் பெற்றார். பெற்றதை 'பெற்றேன்' என்று எழுதியிருந்தால் குற்றமில்லை. அவரோ குளிர்கடலுக்குரிய பெங்குவினையும், ஆஸ்திரேலியாவுக்குரிய கூக்கபுராவையும் நியூகினிப் பறவைகள் என்றே எழுதிவிட்டார். முதலில் இட்ட பெயரை மாற்றலாகாது என்னும் அறிவியல் விதியால், ஒருவகைப் பெங்குவின் இன்றும் 'பாப்புவா' என்றும், கூக்கபுரா 'நியூகினியது' என்றும் இலத்தீனில் அழைக்கப்படுகின்றன. ஒரு மனிதரின் பொய் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக இவ்விரு பறவைகளின் தலையில் சுமத்தப்பட்டிருக்கிறது.

மெய்யாகவே சென்றோர் பட்ட பாடு வேறு. ஆங்கிலேயரான வாலஸ் 1858-இல் நியூகினியின் டோரி என்னும் கரையோர ஊரில் சில மாதங்கள் தங்கினார். கால் புண்பட்டுக் குடிசையில் முடங்கினார். உதவியாள் ஒருவர் நோயுற்று அங்கேயே மடிந்தார். அரிய சொர்க்கப் பறவைகள் உள்மலைகளில் வாழ்பவை என்றறிந்தும் அவரால் ஏற முடியவில்லை. 1872-இல்தான் இத்தாலியரான தல்பெர்த்திசும் பெக்காரியும், ஊர்மக்கள் வழிகாட்ட, ஆர்ஃபாக் மலைமேல் ஏறினர்.

இன்று இந்தோனேசியாவின் ஆட்சிக்குட்பட்ட அம்மலைக்குப் பல நாட்டார் பறவை காணச் செல்கின்றனர். நாம் அம்மலையை மிதித்ததில்லை; மிதித்தோர் எழுதியவற்றைப் படித்தே இதனை எழுதுகிறோம். மலையூரைச் சேர்ந்த வழிகாட்டி, பொழுது புலருமுன் விருந்தினரை அழைத்துச் சென்று தழைமறைப்பினுள் அமர்த்துகிறார். பேச்சு கூடாது. பரோட்டியா என்னும் கருநிறச் சேவல் தன் ஆடுகளத்திலுள்ள சருகுகளை ஒவ்வொன்றாய் அகற்றி, இறகுகளைப் பாவாடைபோல் விரித்துச் சுழன்றாடுகிறது. மற்றொரு பறவை வெறும் பழுப்பு நிறம், அழகேதுமில்லை. ஆனால் குச்சிகளைக் கொண்டு ஒரு மீட்டர் உயரக் குடிசை கட்டி, அதன் முற்றத்தில் மலர், கனி, வண்டின் சிறகு ஆகியவற்றைத் தனித்தனிக் குவியலாய் அடுக்குகிறது. வேட்டைக்காரர்கள் இதனைத் 'தோட்டக்காரர்' என்றழைத்ததைப் பெக்காரி குறித்துள்ளார். எந்த மரத்தடியில் எந்தச் சேவல் ஆடும் என்பது அவ்வூராருக்கே தெரியும். முன்பு அவ்வறிவு பறவையைக் கொல்ல உதவிற்று. இன்று அதே அறிவுக்கு விருந்தினர் கூலி தருவதால், பறவை உயிரோடிருப்பதே அக்குடும்பங்களுக்கு வருவாய்.

சொன்னெராவை முற்றிலும் பழித்து முடிப்பது நீதியன்று. நம் தென்னாட்டின் சாம்பல்நிறக் காட்டுக்கோழியை 1782-இல் வெளியிட்ட நூலில் அவர் விளக்கி, வீட்டுக்கோழியின் மூதாதை இதுவே என்றார். அப்பறவை இன்றும் அவர் பெயரையே தாங்கியுள்ளது. பின்வந்த அறிஞர்கள் அவர் கூற்றை மறுத்து, செந்நிறக் காட்டுக்கோழியே மூதாதை என்றனர். அதுவே பெரும்பாலும் சரி. ஆயினும் 2008-இல் வெளியான மரபணு ஆய்வொன்று, வீட்டுக்கோழியின் மஞ்சள் நிறக் கால் மட்டும் சாம்பல்நிறக் காட்டுக்கோழியிடமிருந்தே வந்தது என்று காட்டிற்று.