வெய்யலுக்கு ஓர் ஆசாரம்

உஷ்! செருப்பை வெளியிலேயே விட்டுவிட்டு வாருங்கள். தைப்பூசத்தன்று பால் காய்ச்சுகிற வரைக்கும் ஒறம்பரை யார் கண்ணிலும் புது அறையைக் காட்டக்கூடாது என்பது வடவள்ளிப் பெரியம்மாவின் கண்டிஷன். மூன்று நாள் முன்னதாகவே நான் பொடக்காலி வழியாகப் புகுந்துவிட்டேன். யப்பா, என்ன வெளிச்சம்!

சன்ரூம். தெற்கே தரையிலிருந்து ஏழடி உயரத்துக்குக் கண்ணாடி, கிழக்கே இரண்டு ஜன்னல். மேற்கே மொட்டைச் சுவர். மருதமலை தெரியுமே, அங்கேயும் கண்ணாடி போட்டால் என்ன என்று கேட்டேன். “சாயங்கால வெய்யல்ல வெந்து சாவறதுக்கா? ஆனி, ஆடியில பாலக்காட்டுக் காத்து வேற வந்து மோதும், கம்முனு இரு கண்ணு” என்றார்.

கூரைதான் பெரிய சண்டையாம். அண்ணன் போனில் படம் படமாகக் காட்டி, மேலேயும் கண்ணாடிதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றிருக்கிறான். ஊட்டி பங்களாக்களில் கண்ணாடி வராந்தா போட்டார்கள் என்றால் அங்கே குளிர். கோவை இருப்பது 11 டிகிரி வட அட்சத்தில். சித்திரை முதல் வாரத்தில் ஒரு தடவை, ஆவணியில் ஒரு தடவை, நடுப்பகல் சூரியன் நேராக உச்சந்தலைக்கு மேலே நிற்கும். கண்ணாடி வெயிலை உள்ளே விடும், சூடான தரை வெளிவிடும் அனலை வெளியே விடாது. இட்லிக் குண்டானேதான்! கடைசியில் மங்களூர் ஓடு ஜெயித்தது. அண்ணனைச் சமாதானப்படுத்த நடுவில் இரண்டே இரண்டு கண்ணாடி ஓடு. அந்த வெளிச்சம் தரையில் ஊர்ந்து போவதைப் பார்த்து, சின்ன வயதில் மணி சொல்லிப் பழகியவர்கள் நாம். சன்ரூம் என்ற பேர்தான் புதுசு.

இப்போது ரகசியத்துக்கு வருகிறேன். பக்கச் சுவரின் அடியில், தரையை ஒட்டி, ஒரு ஆணி அடித்திருக்கிறது. சாமி படம் மாட்டவும் ஆகாது, கயிறு கட்டவும் ஆகாது. என்னவென்று கேட்டால் பெரியம்மாவுக்கு ஒரே சிரிப்பு. போன மார்கழியில் கூரை ஏறிய கையோடு, தினமும் பன்னிரண்டரை மணி வாக்கில் வெறும் கான்கிரீட்டில் உட்கார்ந்து, வெயில் எதுவரை வருகிறதென்று கோலமாவால் கோடு போட்டிருக்கிறார்! கூரை விளிம்பு வெளியே இரண்டடி நீட்டியிருக்கிறது. மார்கழிச் சூரியன் தெற்கே சாய்ந்து போவதால் அதையும் தாண்டி ஏறக்குறைய மூன்றடி உள்ளே வந்தது. அந்த எல்லைதான் ஆணி. பங்குனியில் சூரியன் மேலேறிவிடும். அதே இரண்டடி விளிம்பு, கொளுத்துகிற மாசத்தில் மத்தியான வெயிலை வாசலோடு திருப்பி அனுப்பிவிடும். மோட்டார் கிடையாது, திரை கிடையாது! நான் போன அன்றைக்கே வெயில் ஆணியிலிருந்து முக்காலடி பின்வாங்கியிருந்தது.

தரை ரெட் ஆக்சைடு. நல்ல கரணை வேலை, முகம் தெரிகிறது. ஆனால் பூசின ஈரம் சீக்கிரம் காய்ந்தால் அது வெடித்துவிடும். அதனால் வெயிலுக்கென்றே கட்டின அறையில், வெயில் பட்டுவிடக் கூடாதென்று ஒரு வாரம் தார்ப்பாய் கட்டி, ஈரச்சாக்கு விரித்துத் தண்ணீர் ஊற்றிக் காவல் காத்தார்களாம். அப்படியும் மூலையில் மயிரிழை மாதிரி ஒரு விரிசல். மேஸ்திரி அதைக் காலால் மறைத்துக்கொண்டே பேசினார். அந்த இடத்தில் இப்போது கருவேப்பிலைத் தொட்டி.

சோபா கிடையாது, பிழைத்தோம். ஆணிக்கும் கண்ணாடிக்கும் நடுவே பவானி ஜமுக்காளம், 2005-06இல் புவிசார் குறியீடு வாங்கின அதே முரட்டு நூல் பட்டைக்காரன். வெயிலில் சாயம் வெளுக்குமே என்றேன். இரண்டு பக்கமும் ஒரே நெசவுதான், வாரத்துக்கொரு தடவை திருப்பிப் போட்டால் இரண்டும் ஒன்றுபோல வெளுத்துவிட்டுப் போகிறது என்றார். இலவம்பஞ்சுத் திண்டு நான்கு. வெயில் பட்டால் அது உப்பிக்கொள்ளும் பாருங்கள், கன்னத்தை வைத்தால் எழவே மனசு வராது. நான் வைத்தேன், எழவில்லை. ஜன்னல்கள் ஸ்லைடிங் இல்லை, முழுசாகத் திறக்கிற கதவு. ஸ்லைடிங்கில் பாதி காற்று வீண். மேலே சூடு வெளியேற வென்டிலேட்டர். ஒரு கயிற்றுக் கட்டில், ஒரு ஊஞ்சல். ஊஞ்சல் எனக்குப் பிடிக்கவில்லை, ஆடினால் கண்ணாடி பக்கம் கால் போகிறது. சொல்லவில்லை.

காபி எடுத்துவரப் பெரியம்மா உள்ளே போனார். திரும்பி வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். ஆணிக்கு இந்தப் பக்கம், வெயில் விழுகிற இடம் முழுக்க, ஜமுக்காளத்தைச் சுருட்டி ஓரமாக வைத்துவிட்டு, அம்மாயி மொளகாயைப் பரத்திக்கொண்டிருந்தாள்.

“வெய்யலுக்குன்னு ரூம்பு கட்டிப்போட்டு வெறுமனே கெடக்குது பாரு. குரங்குத் தொல்லையும் இல்ல. அந்த மொறத்த எடு சாமி” என்றாள் என்னிடம். எடுத்துக் கொடுத்தேன்.