கீரிமலைக் கேணியும் குடாநாட்டுக் கிணறுகளும்

பாடசாலை விடுமுறை தொடங்கிவிட்டால் வெள்ளவத்தையிலிருந்து வடக்கே புறப்படும் இரவு நேர பஸ்களில் ஆசனம் கிடைப்பது அரிது. கொட்டாஞ்சேனையிலிருந்து செல்லும் குடும்பங்களும் இதனை நன்கறியும். நல்லூர், நயினாதீவு என நீளும் இப்பயணங்களில் கீரிமலைக்கு எப்போதும் ஓர் இடமுண்டு. குழாய் நீரில் அவசர அவசரமாகக் குளித்துப் பழகிய கொழும்புப் பிள்ளைகளுக்கு, அலை மோதும் கரையோரத்திலேயே நன்னீர் ஊறும் கேணி பெரும் விந்தையாகும். காரணம் கேட்கும் பிள்ளைகளுக்கு நகுல முனிவரின் கீரிமுகம் நீங்கிய கதையையும், மாருதப்புரவீகவல்லியின் குதிரைமுகம் மாறிய கதையையும் கூறுகின்றோம். கூறப்பட வேண்டிய கதைகளே அவை. ஆயினும் கேணியின் அடியில் நிகழ்வதையும் அவர்கள் அறிந்திருத்தல் நன்று.

யாழ். குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. அதன் அடித்தளம் சுண்ணக்கல். மழைநீர் அக்கல்லின் வெடிப்புகளூடாகவும் குகைகளூடாகவும் கீழிறங்கித் தேங்குகின்றது. நன்னீர் கடல்நீரிலும் அடர்த்தி குறைந்தது என்பதால், நிலத்தினுள் ஊடுருவியிருக்கும் உவர்நீரின் மீது அது மிதந்து நிற்கின்றது. கடல் மட்டத்திற்கு மேல் ஓரடி உயரத்திற்கு நன்னீர் நின்றால், அதற்குக் கீழே சுமார் நாற்பது அடி ஆழம்வரை நன்னீர் இருக்கும் என்பது நீரியலாளர் பொதுவாகக் கொள்ளும் கணக்கு. இவ்வாறு தேங்கிய நீரில் ஒரு பகுதி கடலை நோக்கி நகர்ந்து கரையில் வெளிப்படும் வாயில்களில் ஒன்றே கீரிமலை. கடலின் வற்றுப்பெருக்கிற்கேற்பக் கேணியின் மட்டமும் ஏறி இறங்குவது இதனாலேயே.

கன்னியா வெந்நீரூற்றுகளையும் இதனையும் ஒன்றெனக் கருதுவோர் உளர். திருகோணமலைக்கு அருகிலுள்ள அந்த ஏழு சிறு கிணறுகளின் நீர், பாறைப் பிளவுகளூடாக ஆழத்திற்குச் சென்று பூமியின் வெப்பத்தால் சூடாகி மீள்வது. அது வேறு கதை.

கேணியிலிருந்து நன்னீர் வீணாகக் கடலுக்குப் போகின்றதே எனச் சிலர் ஆதங்கப்படுகின்றனர். நாம் அவ்வாறு கருதவில்லை. அவ்வாறு வெளியேறும் நீரின் அழுத்தமே கடலை உள்ளே வரவிடாது தடுத்து நிற்கின்றது. மேற்கூறிய கணக்கைத் திருப்பிப் பார்த்தால் இது விளங்கும். அளவின்றி இறைத்து நன்னீரின் மட்டத்தை ஓரடி தாழ்த்தினால், கீழிருக்கும் உவர்நீர் காலப்போக்கில் நாற்பது அடிவரை மேலெழக்கூடும். அடியற்றது என ஊரார் கூறும் புத்தூர் நிலாவரைக் கிணற்றில் இந்த இரு அடுக்குகளையும் காணலாம். மேலே நன்னீர், ஆழத்தில் உவர்ப்பு. துலாவினாலும் பட்டையினாலும் இறைத்த காலத்தில் மனித உழைப்பே ஓர் எல்லையாக இருந்தது. இயந்திரங்கள் வந்தபின் அந்த எல்லை அகன்றது.

நீரின் அளவு மட்டுமன்றி அதன் தரமும் கவலை தருகின்றது. செம்மண் தோட்டங்களுக்கு இடப்படும் உரமும் நெருக்கமாக அமைந்த மலசலகூடக் குழிகளின் கழிவும் சுண்ணக்கல்லூடாக எளிதில் கீழிறங்குகின்றன. குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று மிகுந்திருப்பதை ஆய்வுகள் நெடுங்காலமாகவே காட்டி வந்துள்ளன. சுன்னாகத்தில் மின் உற்பத்தி நிலையத்தின் கழிவு எண்ணெய் கிணறுகளில் கலந்த விவகாரத்தில், பாதிக்கப்பட்டோருக்கு இரண்டு கோடி ரூபா நட்டஈடு வழங்குமாறு 2019 ஆம் ஆண்டு உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த மாசு கீரிமலையை எட்டியது என நாம் கூறவரவில்லை. ஆனால் குகைகளாலும் வெடிப்புகளாலும் துளையுண்ட கல்லில் ஒரு வளவின் கழிவு அந்த வளவோடு நின்றுவிடுவதில்லை.

1990 இல் வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்ததன் பின்னர் கீரிமலை நீண்டகாலம் எவரும் சுதந்திரமாகச் செல்லமுடியாத இடமாயிற்று. ஆடி அமாவாசையில் தந்தைக்கான கடனை அங்கு நிறைவேற்ற இயலாது கொழும்புக் கடற்கரைகளில் நீராடியோர் எம்மிடையே உள்ளனர். போர் முடிந்த பின்னரே வழி படிப்படியாகத் திறந்தது. காங்கேசன்துறைக்குப் புகையிரதம் மீண்டும் சென்றது 2015 இல். இவ்வளவு காத்திருந்து அடைந்த கேணியில் சவர்க்காரம் தேய்ப்பதும் பொலித்தீன் பைகளை வீசிச் செல்வதும் வேதனைக்குரியன. கண்டிப்புக்குத் தயங்கும் பெற்றோரே இதில் முதற் குற்றவாளிகள் என்போம். எனினும் இது கேணியை அசுத்தமாக்குவதோடு நிற்கும். பெரிய ஆபத்து கேணிக்கு வெளியே, தோட்டங்களிலும் வளவுகளிலும் இருக்கின்றது.

2024 ஆம் ஆண்டு தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறந்து வைக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் அதன் கொள்ளளவு. குடிநீருக்கு அது உதவும், வரவேற்கின்றோம். ஆனால் தோட்டங்களுக்கு இறைப்பது கிணறுகளிலிருந்தே. எந்தக் கிணற்றிலிருந்து நாளொன்றுக்கு எவ்வளவு இறைக்கலாம், மலசலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் இடையே எவ்வளவு தூரம் வேண்டும் என்பவற்றைக் கிராம மட்டத்தில் கண்டிப்பாக நடைமுறைப்படுத்தும் பொறுப்பைப் பிரதேச சபைகள் ஏற்கவேண்டும். அடுத்த மாரி மழைக்கு முன்னதாகவே அப்பணி ஆரம்பிக்கப்படலாம்.