மயில் தோகையும் குடற்புழுவும்

காட்டில் வாழும் விலங்கு எதுவும் ஒட்டுண்ணி இல்லாமல் வாழ்வதில்லை. புதுக்கோட்டை மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில் விராலிமலை முருகன் கோயில் குன்றைச் சுற்றித் திரியும் மயில்களும், கிழக்கே வல்லத்திராக்கோட்டைப் பக்கம் கொல்லைகளில் இரை பொறுக்கும் மயில்களும் இதற்கு விலக்கல்ல. மயிலின் இறகில் பேனும் செள்ளும், குடலில் உருளைப்புழுவும் நாடாப்புழுவும், குடற்சுவரில் ரத்தக்கழிச்சலை உண்டாக்கும் காக்சிடியா என்ற ஓரணு உயிரியும் குடியிருக்கலாம். காக்சிடியாவில் மயிலுக்கென்றே தனி இனங்கள் உண்டு. ரத்த அணுக்களில் பறவை மலேரியாக் கிருமியும் தங்கக்கூடும். 1898இல் கல்கத்தாவில் ரொனால்டு ராஸ் மலேரியாக் கிருமி கொசுவுக்குள் வளர்ந்து பரவும் சுற்றை முழுதாகக் கண்டறிந்தது பறவைகளைக் கொண்டுதான்.

இத்தனை காலப் பரிணாமத்துக்குப் பிறகும் எந்தக் கிருமியும் அண்டாத உடல் ஏன் உருவாகவில்லை? ஒட்டுண்ணி சும்மா இருப்பதில்லை என்பது ஒரு காரணம். மயிலின் ஒரு தலைமுறைக்குள் கிருமி பல நூறு தலைமுறைகளைக் கடந்துவிடும். இன்று பலிக்கும் தற்காப்பு நாளை பலிக்காது. நோய்க்கும் பரிணாமத்துக்கும் உள்ள இந்த உறவை 1949லேயே எடுத்துச் சொன்னவர் உயிரியலாளர் ஜே.பி.எஸ். ஹால்டேன்.

இன்னொரு காரணம் செலவு. எதிர்ப்பணுக்களைப் பெருக்கவும் காய்ச்சலைத் தாங்கவும் புரதமும் ஆற்றலும் வேண்டும். வரும்படி ஒன்றாக இருக்க, வளர்ச்சி, குஞ்சு, தற்காப்பு என்று பங்கு கேட்பவர் பலர். இதைத் தெளிவாகக் காட்டியவை ஸ்காட்லாந்தின் செயின்ட் கில்டா தீவுகளில் மேய்ப்பாரின்றித் திரியும் சோய் செம்மறிகள். இந்த ஆடுகளைப் பற்றி ஆண்ட்ரியா கிரகாம் குழுவினர் 2010இல் வெளியிட்ட ஆய்வின்படி, ரத்தத்தில் எதிர்ப்புரதம் அதிகமுள்ள ஆடுகள் கடும் பனிக்காலத்தைத் தாண்டிப் பிழைத்தன. ஆனால் குட்டி ஈனுவதில் பின்தங்கின. அவர்கள் அளந்தது சொந்த உடலையே தாக்கக்கூடிய வகை எதிர்ப்புரதம். தற்காப்பு மிஞ்சினால் அது உடலின் மீதே திரும்பும். ஆகவே பிழைப்பில் முந்தும் ஆடும், ஈனுவதில் முந்தும் ஆடும் ஒரே மந்தையில் நீடிக்கின்றன.

மயில் இந்தக் கணக்கை முதுகில் சுமந்து திரிகிறது. தோகை என்று நாம் சொல்வது வால் அல்ல. வாலின் மேல் மூடி வளரும் 200க்கு மேற்பட்ட நீள இறகுகள். முழுத் தோகை வரச் சேவலுக்கு ஏறக்குறைய 4 வயதாக வேண்டும். அதன் பிறகும் அது ஆண்டுதோறும் உதிர்ந்து முளைக்கும். குடலில் புழு மண்டிய பறவைக்கு இது எளிதல்ல என்ற அடிப்படையில்தான் 1982இல் வில்லியம் ஹாமில்டனும் மார்லீன் ஸூக்கும் ஒரு கருத்தை முன்வைத்தார்கள்: பெண் பறவை பளபளப்பைப் பார்த்து, நோய் தாங்கும் பரம்பரையைத் தேர்கிறது. கிருமி மாறிக்கொண்டே இருப்பதால் எந்தப் பரம்பரை சிறந்தது என்பதும் மாறும். தேர்வுக்கு எப்போதும் வேலை இருக்கும்.

சோதனைகள் ஒரே பதிலைத் தரவில்லை. இங்கிலாந்தின் விப்ஸ்னேட் பூங்காவில் ஆய்ந்த மரியான் பெட்ரி, தோகை எடுப்பான சேவல்களின் குஞ்சுகள் நன்கு வளர்ந்து கூடுதலாகப் பிழைத்ததை 1994இல் காட்டினார். பிரான்சில் பாக்டீரியாவின் சுவர்ப்பொருளை மட்டும் மயில்களுக்கு ஊசிவழி செலுத்திப் பார்த்தார்கள். உயிருள்ள கிருமி இல்லாமலே, எதிர்ப்பாற்றல் விழித்துக்கொண்டதும் மயில்கள் ஆடுவதைக் குறைத்தன. ஆனால் ஜப்பானில் ஏழாண்டு கவனித்த மாரிகோ தகாஹாஷி குழு, தோகை அழகுக்கும் இணை கிடைப்பதற்கும் தொடர்பில்லை என்று 2008இல் எழுதியது. இவையெல்லாம் பூங்காப் பறவைகள். புழுவும் உண்ணியும் நாயும் வறட்சியும் சேர்ந்து நெருக்கும் தமிழ்நாட்டுக் காட்டு மயிலுக்கு இந்த முடிவுகளை அப்படியே பொருத்துவது அவசரம்.

கிருமியை ஒழிப்பது மட்டுமே தற்காப்பு அல்ல. அதைச் சுமந்துகொண்டே சேதத்தைக் குறைப்பதும் ஒரு வழி. நாட்டுக்கோழி இதற்கு நல்ல சான்று. கோழியின் குருட்டுக்குடலில் வாழும் ஹெட்டராகிஸ் என்ற புழுவின் முட்டைக்குள் ஹிஸ்டோமோனாஸ் என்ற ஓரணு உயிரி பயணம் செய்கிறது. குடலையும் ஈரலையும் புண்ணாக்கும் கிருமி அது. கோழி பெரும்பாலும் அதைப் பொருட்படுத்துவதில்லை. அமெரிக்காவிலிருந்து வந்த வான்கோழியோ கூட்டம் கூட்டமாகச் சாகும். மயிலுக்கும் அந்த நோய் வருவதுண்டு. சுமந்தபடியே நலமாக இருக்கும் விலங்குதான் பக்கத்து விலங்குக்குக் கிருமியைக் கொண்டு சேர்க்கிறது. கோழி எச்சத்தோடு மண்ணில் விழும் புழுமுட்டைகள் மாதக்கணக்கில், சில வேளை ஆண்டுக்கணக்கில் உயிரோடிருக்கும். மண்புழு அவற்றை விழுங்கிச் சேர்த்து வைக்கும். கோழி கிளறிய அதே குப்பைமேட்டில் மயிலும் மண்புழு தேடும்.