தொழில் வளாகத்திற்கு நிலம்

புனே நகரின் கிழக்குப் புறத்தில் உள்ள ஹடப்சர் என்னும் பகுதிக்கு நாள்தோறும் வேலைக்குச் செல்லும் தமிழர்கள் உண்டு. அங்கே மகர்பட்டா வளாகத்தில் கம்ப்யூட்டர் நிறுவனங்களின் மாளிகைகள் வரிசையாக நிற்கின்றன. 2000 ஆம் ஆண்டு வாக்கில் கட்டட வேலை தொடங்கும் வரை அது கரும்பு விளைந்த பூமி. வயல் வளாகமான விதம் நேயர்கள் அறியத்தக்கது.

தொழில் வளாகம் அமைப்போர் முதலில் தேடுவது, ஒரே சேர்க்கையாக உள்ள சில நூறு ஏக்கர் நிலம். சாலை அருகில் இருத்தல் வேண்டும். தண்ணீரும் மின்சாரமும் கிடைத்தல் வேண்டும். மழைக்காலத்தில் வெள்ளம் தேங்கலாகாது. வரைபடத்தில் இத்தகைய இடத்தைக் காண்பது எளிது. ஆனால் அங்கே ஒன்றாகத் தோன்றும் நிலம், கிராமக் கணக்கில் பல நூறு பெயர்களில் சிதறிக் கிடக்கும். அக்கணக்கை மகாராஷ்டிரத்தில் 'ஸாத்-பாரா' என்பர்; கர்நாடகத்தில் 'பஹணி' என்பர்; நம் ஊரில் பட்டா, சிட்டா என்கிறோம்.

இத்தனை பேரிடமும் பேசி வாங்குவதைவிடச் சட்டத்தின் வலிமையால் எடுத்துக்கொள்வது அரசாங்கங்களுக்குச் சுலபமாக இருந்தது. 1894 ஆம் ஆண்டின் சட்டம் அதற்கே உதவிற்று. அதனை 'நில ஆர்ஜிதம்' என்று எழுதி வந்தோம். மொழிபெயர்ப்பே தொழிலாக உள்ள எனக்கு அச்சொல் எப்போதும் இடறும். ஆர்ஜிதம் என்றால் சம்பாதித்தது என்று பொருள். சம்பாதித்தவர் யார், இழந்தவர் யார் என்பதை அச்சொல் மறைத்துவிடுகிறது. 'நில எடுப்பு' என்பதே நேர்மையான சொல்.

எடுப்பின் ஆபத்து சிங்கூரில் வெளிப்பட்டது. 2006 இல் மேற்கு வங்க அரசு அங்கே 997 ஏக்கரை டாடா கார்த் தொழிற்சாலைக்காக எடுத்தது. பல போகம் விளையும் நிலம் அது. ஒரு பகுதியினர் நஷ்ட ஈட்டை வாங்க மறுத்தனர். 2008 இல் தொழிற்சாலை குஜராத்தின் ஸானந்துக்குச் சென்றுவிட்டது. நிலத்தைத் திருப்பிக் கொடுக்குமாறு 2016 இல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. அதற்குள் பத்து ஆண்டுகள் கழிந்துவிட்டன; வயலுக்குள் கான்கிரீட்டும் இறங்கியிருந்தது.

இதற்கிடையே 2013 இல் புதிய மத்தியச் சட்டம் நிறைவேறி, 2014 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. தனியார் கம்பெனிக்காக எடுப்பதானால் பாதிக்கப்படும் நில உடைமைக் குடும்பங்களில் 80 சதவீதத்தினரும், அரசும் தனியாரும் கூட்டாக நடத்தும் திட்டமானால் 70 சதவீதத்தினரும் இசைய வேண்டும். மூன்றாண்டு உழைத்த வாரக் குடியானவரும் விவசாயக் கூலியாளரும் பாதிக்கப்படும் குடும்பங்களுள் அடங்கினாலும், அவர்களது இசைவு இதற்குத் தேவையில்லை. எனினும் குஜராத் போன்ற சில மாநிலங்கள் தொழில் வழித்தடங்களுக்கு இந்த இசைவு விதியைத் தளர்த்திக்கொண்டன. இது எனக்கு உவப்பாக இல்லை.

மகர்பட்டாவில் எடுப்பே நிகழவில்லை. சுமார் 120 விவசாயக் குடும்பத்தினர் தங்கள் 400 ஏக்கர் அளவிலான நிலத்தை ஒன்றாகச் சேர்த்து, தாமே கம்பெனி அமைத்தனர். நிலத்தின் அளவுக்கு ஏற்பப் பங்கு பெற்றனர். விற்றுவிட்டுப் போனவர்களாக அன்றி, உடைமையாளராகவே நீடித்தனர். இதை எங்கும் செய்துவிடலாம் என்று எண்ணுதல் தவறு. நகர் நெருங்கி வந்ததால் அங்கே நிலத்தின் மதிப்பு ஏறிக்கொண்டிருந்தது. நில உடைமையாளரில் பலர் ஒரே குலத்தவர். மேலும் பங்கு நிலத்துக்கே உரியது. நிலமற்ற கூலியாளுக்கு அதில் இடமில்லை.

வெளி மாநிலத்தில் வாழும் நமக்கு வேறொரு கவலையும் உண்டு. மத்தியச் சட்டப்படி முதல் அறிவிப்பு வந்த 60 நாட்களுக்குள் ஆட்சேபம் தெரிவிக்க வேண்டும். தமிழ்நாட்டிலோ தொழிற்காரியங்களுக்கென 1997 ஆம் ஆண்டின் தனிச் சட்டம் இருப்பதால், கெடுவை அந்தந்த அறிவிப்பிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும். அறிவிப்பு ஊரில் ஒட்டப்படும். பூர்வீக நிலத்தின் பட்டா இன்னும் பாட்டனார் பெயரிலேயே இருக்குமானால், டில்லியிலோ பம்பாயிலோ இருக்கும் பேரனுக்கு அது வந்து சேரும் வழியில்லை. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது தாலுகா ஆபீஸில் பெயரை மாற்றி எழுதச் செய்துவிட்டு வருவது நல்லது.