தலையணைக்குள் ஒரு நூல்

கிறிஸ்தவ சமயத் தொண்டு செய்யக் கடல் கடந்து சென்ற மிஷனரிமாரைப் பற்றிப் பேசப் புகுந்தால், அவர்கள் எத்தனை ஆலயங்கள் எழுப்பினார்கள், எத்தனை பேருக்கு ஞானஸ்நானம் அளித்தார்கள், எந்த நூலை எந்த மொழியில் பெயர்த்தார்கள் என்று கணக்குப் பார்ப்பதே வழக்கமாக இருக்கிறது. அவர்கள் வீட்டில் அன்றாடம் அடுப்பு எரிந்ததா, குழந்தைக்குப் பால் கிடைத்ததா, ஊரிலிருந்து கடிதம் வந்ததா என்று கேட்பவர் அரியர். எனக்கோ இந்த இரண்டாம் வகைக் கேள்விகளிலேதான் நாட்டம் மிகுதி. ஒரு மனிதனுடைய பக்தி மேடையிலே எப்படி இருந்தது என்பதைவிட, அடுக்களையிலும் நோய்ப்படுக்கையிலும் எப்படி இருந்தது என்பதே அறியத்தக்கது என்று நான் கருதுகிறேன். அதற்கு ஒரு குடும்பத்தின் வரலாற்றை எடுத்துக்கொள்கிறேன். அது பர்மாவுக்குச் சென்ற ஜட்சன் குடும்பம்.

அதோனிராம் ஜட்சன் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1788ஆம் ஆண்டு பிறந்தவர். 1812 பிப்ரவரி 5ஆம் நாள் அவர் ஆன் ஹசல்டைன் என்ற இளநங்கையை மணந்தார். திருமணமாகிப் பதினான்காம் நாள் இருவரும் கப்பல் ஏறினர். மணமகனுக்கு வயது 23, மணமகளுக்கு 22. ஊரையும் உற்றாரையும் திரும்பக் காண்போம் என்ற நம்பிக்கையோடு அக்காலத்தில் எவரும் அத்தகைய பயணம் தொடங்குவதில்லை. கடிதம் ஒன்று அமெரிக்கா சென்று மறுமொழி வருவதற்கு ஓராண்டுக்கும் மேலாகிவிடும். "அம்மா நலமா?" என்று எழுதிவிட்டு, அதற்கு விடை வருவதற்குள் அம்மா இருப்பாளோ இல்லையோ என்று காத்திருப்பதை எண்ணிப் பாருங்கள்.

கல்கத்தாவில் இறங்கியதும் கிழக்கிந்தியக் கம்பெனியார் அவர்களைத் தங்கவிடவில்லை. மொரீஷியஸ் தீவுக்குச் சென்று, அங்கிருந்து 1813 ஜூனில் நம் சென்னைக்கு வந்தனர். அன்று சென்னைக்குக் கட்டிய துறைமுகம் கிடையாது. கப்பல்கள் கரைக்கு அப்பால் நங்கூரம் பாய்ச்சி நிற்கும். இங்கும் கம்பெனியார் பிடித்து நாடு கடத்திவிடுவர் என்ற அச்சம். உடனே புறப்படக்கூடிய கப்பல் ஒன்றே ஒன்று. அது இரங்கூனுக்குச் செல்வது. ஆன் அப்பொழுது நிறைகர்ப்பிணி. துணைக்கென்று அமர்த்திய ஐரோப்பிய மாது கப்பலில் ஏறியதும் திடீரென விழுந்து இறந்தாள். நடுக்கடலில், மருத்துவரோ மருத்துவச்சியோ இன்றி, ஆன் தம் முதற்குழந்தையை உயிரற்றதாகவே பெற்றெடுத்தார். அவர்களுடைய குடும்ப வாழ்க்கை இப்படித்தான் தொடங்கியது. 1813 ஜூலையில் இரங்கூனில் இறங்கியபோது நடக்கக்கூட வலுவற்றிருந்தார் அந்த அம்மையார்.

இரங்கூனில் அவர்கள் செய்த முதல் வேலை போதனை அன்று, மொழி கற்றல். பர்மியச் சுவடிகள் நம் பழஞ்சுவடிகளைப் போலவே ஓலையில் எழுதப்பட்டவை. சொல்லுக்குச் சொல் இடைவெளி விடாதவை. அகராதி இல்லை, இலக்கணம் இல்லை. ஆசிரியருக்கு ஆங்கிலம் ஒரு சொல்லும் தெரியாது. பொருளைச் சுட்டிக்காட்டிப் பெயர் கேட்க வேண்டும். ஒரு பெண்ணுக்குப் பாடம் சொல்வதா என்று அவ்வாசிரியர் முதலில் அசட்டையாக இருந்தார். கணவர் தாம் கற்பதைப் போலவே மனைவியும் கற்க வேண்டும் என்பதில் கருத்தாக இருப்பதைக் கண்டபின், அவருக்கும் அக்கறையோடு சொல்லிக்கொடுத்தார். இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஏட்டையே கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த கணவரைவிட, பேச்சு மொழியில் மனைவியே முந்திக்கொண்டார். ஏனெனில் கடைத்தெருவிலிருந்து காய் வாங்கச் சொல்வதும், வேலைக்காரரை ஏவுவதும், அண்டை வீட்டாரோடு பேசுவதும் அவர் பொறுப்பு. மொழி அடுக்களை வழியாகவே வீட்டுக்குள் நுழைகிறது போலும்!

ஞாயிறுதோறும் வழிபாடு நடக்கும். திருச்சபை என்று சொல்லத்தக்கது கணவனும் மனைவியும் ஆகிய இருவரே. அப்பமும் இரசமும் வைத்துத் திருவிருந்து கொண்டாடியதும் அவ்விருவர் மட்டுமே. தொடக்க ஆண்டுகளில் இவ்வாறே! 1819 ஜூன் 27ஆம் நாள்தான் மவுங் நாவ் என்ற பர்மியர் முதன்முதலாக ஞானஸ்நானம் பெற்றார். ஆறு ஆண்டுகள் பயன் ஒன்றும் காணாமல் ஒரே வேலையைச் செய்வதற்குத் தேவையான பொறுமை, பிற்காலத்தில் சிறையில் காட்டிய வீரத்திற்குச் சிறிதும் குறைந்ததன்று என்பது என் எண்ணம்.

இதற்கிடையே 1815இல் ரோஜர் என்ற ஆண்மகவு பிறந்தது. எட்டு மாதம் வாழ்ந்து, 1816 மே மாதத்தில் காய்ச்சலில் மறைந்தது. அப்பொழுது நடந்ததை மாணவர்கள் மறவாமல் குறித்துக்கொள்ள வேண்டும். செய்தி கேட்ட அண்டை அயலார் வந்து கூடினர். சில நாள் கழித்து ஆளுநரின் மனைவியே பரிவாரத்தோடு வந்து மார்பில் அடித்துக்கொண்டு, சாவுக்கு வர எனக்கு ஏன் சொல்லி அனுப்பவில்லை என்று குறைப்பட்டுக்கொண்டாள். பின்னர் அவ்விருவரையும் யானை மீது ஏற்றித் தோப்புக்கு அழைத்துச் சென்று மனத்தை ஆற்ற முயன்றாள். சமயம் வேறு, நாடு வேறு, நிறம் வேறு. ஆயினும் பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு ஆறுதல் சொல்ல அவளுக்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை. கற்பிக்க வந்தவர்கள் கற்றுக்கொண்ட இடங்களில் இது ஒன்று.

உடல் நலிந்த ஆன் 1821இல் மருத்துவத்திற்காகத் தாயகம் சென்று, 1823 டிசம்பரில் திரும்பினார். உடனே இருவரும் தலைநகராகிய ஆவாவுக்குச் சென்றனர். 1824இல் ஆங்கிலேயருக்கும் பர்மியருக்கும் போர் மூண்டது. ஜூன் 8ஆம் நாள், பகலுணவுக்கு ஆயத்தம் செய்துகொண்டிருந்த வேளையில், கன்னத்தில் பச்சை குத்திய கொலையாளி ஒருவனோடு அதிகாரி வந்து ஜட்சனைக் கயிற்றால் பிணித்து இழுத்துச் சென்றார். காரணம் என்ன? அமெரிக்காவிலிருந்து வந்த பணத்தை வங்காளத்தின் வழியாக மாற்றி, ஆவாவில் இருந்த ஆங்கில வணிகர் ஒருவரிடம் பெற்று வந்தார்கள். அந்த வணிகருடைய கணக்கேட்டில் ஜட்சன் பெயரில் தொகை எழுதியிருந்தது. உண்டியல் முறை அறியாத அதிகாரிகள் அதை ஒற்றர் கூலி என்று கொண்டனர். போர்க்காலத்தில் ஐயம் எங்கும் எளிதில் பற்றும். பர்மியரை மட்டும் குறைகூற எனக்கு மனம் வரவில்லை.

அச்சிறையில் கைதிக்கு உணவு கொடுக்கும் வழக்கம் இல்லை. வீட்டார் கொண்டுவந்தால் உண்டு, இல்லையேல் பட்டினி. ஆகவே கணவர் உயிரோடிருப்பது மனைவியின் கால்நடையைப் பொறுத்ததாயிற்று. ஆன் பர்மியப் பெண்களைப் போல் உடுத்திக்கொண்டு, அதிகாரியின் வாயிலுக்கும் சிறைவாயிலுக்குமாக நாள்தோறும் நடந்தார். கணவர் எழுதிய புதிய ஏற்பாட்டின் பர்மியக் கையெழுத்துப்படியை முதலில் மண்ணில் புதைத்து வைத்தார். மழைக்காலத்தில் அது மக்கிவிடும் என்று அஞ்சி, எடுத்து ஒரு தலையணைக்குள் வைத்துத் தைத்தார். திருடனும் ஆசைப்படாதபடி அதைக் கரடுமுரடாகவும் அழகற்றதாகவும் தைத்ததே அவருடைய சாமர்த்தியம். அந்தத் தலையணையில் தலை வைத்துப் படுத்தார் ஜட்சன்.

ஒரு நாள் ஆனுக்கு ஓர் எண்ணம் தோன்றியது. அவர்கள் ஊரில் இறைச்சியும் பழமும் பூரணமாக வைத்து மாவுறையில் சுடும் பலகாரம் ஒன்று உண்டு. குளிர்காலப் பண்டிகை என்றால் அது இல்லாத வீடு இராது. ஆவாவில் அதற்குரிய பொருள் ஏது? எருமை இறைச்சியையும் வாழைப்பழத்தையும் கொண்டு ஒருவாறு அதைச் செய்து சிறைக்கு அனுப்பினார். சங்கிலி, பசி, கொலையச்சம் எல்லாவற்றையும் தாங்கிய ஜட்சன் அந்தப் பலகாரத்தைக் கண்டதும் உடைந்துபோனார். பிறந்த வீட்டுக் கூடம், தாய் தந்தையர், பண்டிகைப் பந்தி எல்லாம் கண்முன் வந்துவிட்டன. முழங்காலில் முகம் புதைத்து அழுதார். அதை உண்ண முடியாமல் உடனிருந்த கைதியிடம் கொடுத்துவிட்டார். வெளியூர் விடுதியில் இருந்து, ஊரிலிருந்து வந்த பலகாரப் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்த மாணவர் எவருக்கும் இதை நான் விளக்க வேண்டியதில்லை.

1825 ஜனவரி 26ஆம் நாள் மரியா என்ற பெண்குழந்தை பிறந்தது. மே மாதத்தில் கைதிகளைக் கொளுத்தும் வெயிலில் வெறுங்காலோடு ஔங்பென்லே என்ற சிற்றூருக்கு நடத்திச் சென்றனர். கைக்குழந்தையையும் தாம் வளர்த்த இரு பர்மியச் சிறுமிகளையும் அழைத்துக்கொண்டு ஆன் பின்தொடர்ந்தார். அங்கே சிறுமிகளில் ஒருத்திக்கு அம்மை கண்டது. மற்றவளுக்கும் ஊர்க்குழந்தைகளுக்கும் ஆன் தம் கையாலேயே அம்மைப்பால் குத்தினார். பின்னர் அவரே நோயில் விழுந்து, பாயோடு பாயாகக் கிடந்தார், தாய்ப்பால் வற்றிவிட்டது. காவலருக்குக் கையுறை கொடுத்து இசைவு பெற்று, ஜட்சன் காலில் விலங்கோடு குழந்தையை ஏந்திக்கொண்டு வீடு வீடாகச் சென்றார். பால் கொடுக்கும் தாய்மாரிடம் குழந்தைக்காக இரந்தார். பர்மியத் தாய்மார் கொடுத்தனர். உயர்ந்த வேதத்தைக் கொடுக்க வந்தவர் தம் மகவுக்கு ஒரு வாய்ப் பால் கேட்டு நின்ற அந்தக் காட்சியை எண்ணும்போதெல்லாம், கொடுப்பவர் யார், பெறுபவர் யார் என்று எனக்கு மயக்கம் உண்டாகிறது.

இன்னும் ஒருவரைச் சொல்லாமல் விடலாகாது. அவர் அவர்களுடைய வங்காளிச் சமையற்காரர். சமைப்பது தவிர வேறு வேலை தொடாத வழக்கத்தையும் தம் சாதிக் கட்டையும் மறந்து, தொலைவிலிருந்து விறகும் தண்ணீரும் சுமந்தார். பொழுது சாயும்வரை தாம் ஒன்றும் உண்ணாமல் நோயாளியையும் குழந்தையையும் கைதியையும் காத்தார். கூலியும் ஒழுங்காகக் கிடைக்கவில்லை. ஒரு முறை மருந்து வாங்க ஆவாவுக்குச் சென்று மாட்டுவண்டியில் திரும்பிய ஆனை இறக்கிவிட வந்தவர், அவர் எலும்பும் தோலுமாய் இருந்த கோலத்தைக் கண்டு கதறிவிட்டாராம். இதையெல்லாம் ஆன் தம் நீண்ட கடிதத்தில் நன்றியோடு எழுதி வைத்திருக்கிறார். அந்த உதவி இல்லையேல் ஆன் இல்லை. ஆன் இல்லையேல் ஜட்சன் இல்லை.

தலையணை என்னவாயிற்று? கைதிகளின் உடைமைகளைக் காவலர் பறித்தபோது, மேலுறையை எடுத்துக்கொண்டு உள்ளிருந்த பஞ்சுச் சுருளைப் பயனற்றதென்று ஒருவன் எறிந்துவிட்டான். மவுங் இங் என்ற பர்மியக் கிறிஸ்தவர், தம் ஆசிரியர் நினைவாக இருக்கட்டுமே என்று அதை எடுத்து வீட்டில் வைத்தார். பல மாதம் கழித்துப் பிரித்துப் பார்த்தபோது கையெழுத்துப்படி பழுதின்றி இருந்தது. முழு வேதாகமத்தின் மொழிபெயர்ப்பு 1834 ஜனவரியில் நிறைவுற்றது. பர்மியக் கிறிஸ்தவர்கள் இன்றும் அதை ஓதி வருகின்றனர்.

ஆனால் தைத்தவர் அதைக் காணவில்லை. போர் முடிந்து 1826இல் விடுதலை கிடைத்தபின், உடன்படிக்கைப் பேச்சுக்கு மொழிபெயர்ப்பாளராக ஜட்சன் மறுபடியும் ஆவாவுக்குச் செல்ல நேர்ந்தது. ஆன் குழந்தையோடு அம்ஹர்ஸ்ட் என்ற புதிய ஊரில் இருந்தார். கறுப்பு முத்திரையிட்ட கடிதம் ஒன்று ஆவாவுக்கு வந்தது. கொண்டுவந்தவர், உங்கள் குழந்தை இறந்ததற்கு வருந்துகிறேன் என்றார். மரியாவைப் பற்றிய செய்தி என்றே எண்ணிக் கடிதத்தைப் பிரித்தார் ஜட்சன். இறந்தவர் ஆன். 1826 அக்டோபர் 24ஆம் நாள், 36ஆம் வயதில், காய்ச்சலில் மறைந்தார். கொசுவுக்கும் மலேரியாக் காய்ச்சலுக்கும் உள்ள தொடர்பை ரொனால்டு ராஸ் கண்டறிந்தது 1897இல்தான். அதற்கு முன் வெப்ப நாடுகளின் காய்ச்சலுக்கு முன்னே மருத்துவர்கள் பெரும்பாலும் கைகட்டி நின்றனர். தந்தை வீடு திரும்பியபோது, அடையாளம் தெரியாத மரியா அஞ்சி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மூன்று மாதத்தில், 1827 ஏப்ரலில், அவளும் தாயின் அருகே அடக்கம் செய்யப்பட்டாள்.

சிறையில் தளராதவர் இப்பொழுது தளர்ந்தார். காட்டில் ஒரு குடிசை கட்டிக்கொண்டு தனித்திருந்தார். தமக்கெனக் குழி ஒன்று தோண்டி அதன் அருகே அமர்ந்திருப்பார். அந்நாட்களில் அவர் கடவுளை மறுக்கவில்லை; ஆனால் அவர் தமக்கு எட்டாதவராகிவிட்டார் என்ற பொருள்பட ஒளிவின்றி எழுதினார். அவருடைய வரலாற்றை எழுதுவோரில் சிலர் இப்பகுதியை விரைந்து கடந்துவிடுகின்றனர். எனக்கு அது உடன்பாடன்று. விடிந்ததும் மறுபடியும் மொழிபெயர்ப்பு மேசைக்குத் திரும்பியவர் அதே மனிதர்தாம். இருளை மறைத்துவிட்டால் அந்தத் திரும்புதலின் அருமை நமக்கு விளங்காது. எல்லாக் குடும்பங்களும் இப்படித் திரும்பிவிடவும் இல்லை. வங்காளத்தில் தொண்டாற்றிய வில்லியம் கேரியின் மனைவி டாரதி, விருப்பமின்றியே 1793இல் கப்பலேறினார். மறு ஆண்டு மகனைப் பறிகொடுத்து மனம் பேதலித்தார். 1807இல் இறக்கும்வரை தெளியவே இல்லை. கணவரின் அழைப்பு மனைவிக்கும் அழைப்பாகுமா என்ற கேள்விக்கு அக்காலச் சங்கங்கள் விடை தேடியதாகத் தெரியவில்லை.

1834இல் ஜட்சன் சாரா போர்டுமன் என்ற கைம்பெண்ணை மணந்தார். அவரும் பர்மாவில் தொண்டாற்றிய ஒருவரின் மனைவியே. சாரா தம் ஆறு வயது மகனைப் படிப்புக்காக அமெரிக்காவுக்குத் தனியே அனுப்பினார். அவனைப் பின்னர் அவர் காணவே இல்லை. பள்ளிக்கும் உடல்நலத்துக்கும் அஞ்சிக் குழந்தைகளைத் தாயகம் அனுப்புவது அந்நாளைய மிஷனரிக் குடும்பங்களில் வழக்கம். அனாதைகள் அல்லர், ஆனால் தாய் தந்தையர் கடிதத்தில் மட்டும் இருப்பர். நோயுற்ற சாராவை 1845இல் தாயகம் அழைத்துச் செல்லும் வழியில் செயின்ட் ஹெலினாத் தீவில் அவரும் இறந்தார். ஜட்சன் முப்பத்துமூன்று ஆண்டுகளுக்குப் பின் தாய்நாட்டில் கால் வைத்தபோது, மௌல்மெயினில் விட்டு வந்த சின்னஞ்சிறு மகன் ஒருவனும் மறைந்துவிட்டிருந்தான்.

அமெரிக்காவில் எமிலி என்ற எழுத்தாளரை மணந்து அவர் பர்மாவுக்கு மீண்டார். ஆங்கில – பர்மிய அகராதி வேலையை 1849இல் முடித்தார். நோய் முற்றியது, கடற்காற்று நலம் தரும் என்று 1850 ஏப்ரலில் அவரைக் கப்பலில் ஏற்றினர். எமிலி பேறுகாலம் நெருங்கியவராகையால் உடன் செல்ல இயலவில்லை. ஏப்ரல் 12ஆம் நாள் ஜட்சன் இறந்தார். உடல் வங்கக் கடலில் இடப்பட்டது. பத்து நாள் கழித்து எமிலி பெற்ற குழந்தையும் உயிரோடில்லை. கணவர் எந்தத் துறையில் இறங்கினாரோ, உடல் தேறியதோ என்று மௌல்மெயினில் சிறு பிள்ளைகளோடு அவர் கப்பல்களை எதிர்நோக்கி இருந்தார். செய்தி வந்து சேர நான்கு மாதங்கள் ஆயின.